டோக்கியோவுல குடும்பத்தோட, வருஷம் 60 லட்சம் யென்... தாங்குமா?

ஈரோட்டு_மஞ்சள்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். டோக்கியோவுல ஒரு ஜப்பான் கம்பெனில இருந்து ஆஃபர் வந்துருக்கு, வருஷத்துக்கு 60 லட்சம் யென், அக்டோபர்ல ஜாயின் பண்ணச் சொல்றாங்க. நான், வீட்டம்மா, ரெண்டரை வயசு பாப்பா, மூணு பேரும் ஒண்ணாவே கிளம்பலாம்னு இருக்கோம். கம்பெனி முதல் ஒரு மாசத்துக்கு தங்க இடம் குடுக்கும், அதுக்குள்ள நாமளே வீடு பாத்துக்கணுமாம். நெட்ல தேடினா ஒருத்தர் தாராளமா சேமிக்கலாம்ங்கறாரு, இன்னொருத்தர் பேச்சுலருக்கே பத்தாதுங்கறாரு, ரெண்டு பேருமே கணக்கு காட்ட மாட்டேங்கறாங்க. ஊருக்கு அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பணும், அவங்க ரெண்டு பேருக்கும் அறுபத்தஞ்சுக்குள்ளதான். எங்களுக்கு ஜப்பானிய பாஷை சுத்தமா தெரியாது. வாடகை, சாப்பாடு, டாக்ஸ், பாப்பாவுக்கு ஆகுற செலவு, எது எவ்ளோ ஆகும், எதுல மாட்டிக்குவோம்னு அங்க இருக்கறவங்க கொஞ்சம் சொன்னீங்கன்னா நல்லாருக்கும். சும்மா 'வாங்க ப்ரோ சூப்பர் ஊரு'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

நிஷிகசாய்_பழசு:

ப்ரோ, தாங்கும். ஆனா மாசச் செலவு எவ்ளோன்னு மட்டும் கேட்டுட்டு வந்தா அடி வாங்குவீங்க. இந்த ஊர்ல மாசச் செலவுல பெரிய சஸ்பென்ஸ் ஒண்ணும் கிடையாது, வீட்டுக்குள்ள நுழையறப்ப மொத்தமா கேக்குற பணமும் அப்புறம் மெதுவா வந்து நிக்கிற டாக்ஸும்தான் விஷயம்.

முதல்ல ஆஃபர் லெட்டரைப் பாருங்க. 60 லட்சத்தை பன்னண்டால வகுத்து மாசம் 5 லட்சம் குடுக்கறாங்களா, இல்ல பதினாலு பதினாறு பங்கா பிரிச்சு கோடைல ஒண்ணு டிசம்பர்ல ஒண்ணுன்னு போனஸா வெச்சிருக்காங்களா? நிறைய கம்பெனில ரெண்டாவதுதான். அப்ப கைக்கு வர்ற மாசச் சம்பளம் குறையும், புதுசா சேர்றவங்களுக்கு முதல் போனஸ் முழுசா வரும்ங்கறதுக்கும் உத்தரவாதம் இல்ல. ஹெச்ஆர்கிட்ட இதை நேரா கேட்டுடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சரி, மாசம் 5 லட்சம்னே வெச்சுக்குவோம். ஹெல்த் இன்ஷூரன்ஸ் சுமார் 5 சதவீதம், பென்ஷன் 9.15 சதவீதம், அப்புறம் வேலையில்லா காப்பீடு கொஞ்சூண்டு, எல்லாம் சேர்த்து 73 ஆயிரம் பக்கம் போயிடும். வருமான வரி, மனைவி டிபென்டென்ட்டா இருந்தா மாசம் பதினஞ்சாயிரத்துக்குள்ள அடங்கும். ஆக கைக்கு 4 லட்சத்து 10 ஆயிரம் சுமாருக்கு வரும். இதைப் பாத்துதான் எல்லாரும் ஆஹான்னு பெரிய வாடகை வீட்டுக்கு கையெழுத்து போடுறது.

ரெசிடென்ட் டாக்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஜனவரி 1ஆம் தேதி உங்க அட்ரஸ் எந்த வார்டுல இருக்கோ அந்த வார்டு, போன வருஷ வருமானத்துல கழிவெல்லாம் போக மிச்சத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் போடும், அதை ஜூன்ல இருந்து அடுத்த மே வரைக்கும் சம்பளத்துல பிடிப்பாங்க. நீங்க அக்டோபர்ல வர்றீங்க, அதனால முதல் ஜூன்ல அந்த மூணு மாசச் சம்பளத்துக்குத்தான் கணக்கு, ஒண்ணுமே வராது, வந்தாலும் துக்கடா தொகைதான், இவ்ளோதானா இதுக்கா இவ்ளோ பயமுறுத்தினாங்கன்னு தோணும். அதுக்கு அடுத்த ஜூன்லதான் முழு வருஷத்துக்கு வந்து நிக்கும், உங்க சம்பளத்துக்கு மாசம் 22, 23 ஆயிரம். பல பேர் சம்பளத்தைக் குறைச்சுட்டாங்களான்னு ஹெச்ஆர்கிட்ட போய் நிக்கிறது அந்த மாசம்தான். வேலையை விட்டுட்டு ஊருக்குப் போனாலும் இது விடாது, ஜனவரி 1 தாண்டிட்டா அந்த வருஷத்து பில் உங்க பேர்லதான். அதனால ஊர் திரும்புறவங்க டிசம்பர் கடைசிக்குள்ள கிளம்ப பாப்பாங்க, கொஞ்சம் காமெடியா இருக்கும் ஆனா கணக்கு கணக்குதான்.

அடுத்தது வீடு. பிரைவேட் வீட்டுக்கு அட்வான்ஸ் ஒரு மாசம், ரெய்கின் ஒரு மாசம் (இது ஓனருக்கு அன்பளிப்பு, திரும்ப வராது, ஆமா நிஜமாத்தான் சொல்றேன்), ஏஜென்ட் கமிஷன் ஒரு மாச வாடகையும் அதுக்கு மேல வரியும், நமக்கு ஜாமீன் நிக்கிற கேரன்டார் கம்பெனிக்கு அரை மாசத்துல இருந்து ஒரு மாசம், தீ விபத்து இன்ஷூரன்ஸ், பூட்டு மாத்துற காசு, முதல் மாச வாடகை. கூட்டிப் பாருங்க, அஞ்சு மாச வாடகை கிட்ட ஒரே நாள்ல போகும். ரெண்டு வருஷம் ஆனதும் புதுப்பிக்கிறதுக்கு பெரும்பாலும் இன்னொரு மாச வாடகை. இதுல, சில ஓனருங்க வெளிநாட்டுக்காரங்கன்னாலே வேண்டாம்பாங்க, ஏஜென்ட் நம்ம முன்னாடியே போன் போட்டு கேட்டுட்டு தலையைக் குனிஞ்சு ரொம்ப மரியாதையா இல்லைன்னு சொல்லுவாரு, அந்த மரியாதைல கோவமும் பட முடியாது.

அதனால யூஆர் பாருங்க. வீடு வாடகைக்கு விடுற அரசாங்கம் சார்ந்த அமைப்பு, ரெய்கின் கிடையாது, ஏஜென்ட் கமிஷன் கிடையாது, கேரன்டார் வேண்டாம், ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற காசும் கிடையாது. அட்வான்ஸ் ரெண்டு மாசம், அவ்ளோதான். வாடகை 82,500-ல இருந்து 2 லட்சத்துக்குள்ளன்னா குடும்பத்துக்கு மாச வருமானம் சராசரி 3,30,000 காட்டணும், உங்களுக்கு தாராளமா வரும். குறை என்னன்னா பழைய கட்டடம் நிறைய, முதல்ல வர்றவங்களுக்குத்தான்ங்கறதால நல்ல வீடு காலைல தெரிஞ்சா சாயங்காலம் இருக்காது. நம்ம ஆளுங்க நிறைய பேர் எடோகாவா வார்டுல நிஷி கசாய், கோத்தோ வார்டுல ஓஜிமா, இந்த ரெண்டு பக்கம் யூஆர்லதான் இருக்கோம். என் வீடு 2எல்டிகே (ரெண்டு ரூம், அது போக ஹாலும் கிச்சனும்), 1,28,000. அதுக்கு மேல இந்த சம்பளத்துல போகாதீங்க.

ரெண்டுபுள்ள_அம்மா:

தம்பி, அண்ணன் டாக்ஸ் எல்லாம் சொல்லிட்டாரு, வீட்டுக்குள்ள என்ன இருக்கும்னு அவர் சொல்லலை பாருங்க, ஏன்னா ஆம்பளைங்களுக்கு அது கண்ணுல படாது :)

ஒண்ணும் இருக்காது. வெறும் வீடு. கேஸ் அடுப்பு இருக்காது, கர்ட்டன் இருக்காது, சீலிங்ல லைட்டே இருக்காது, பிளக் மாதிரி ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். யூஆர்ல பல வீட்டுல ஏசியும் நாமதான் வாங்கி மாட்டணும். முதல் நாள் சாயங்காலம் இருட்டுல உக்காந்திருக்க வேண்டாம்னா லைட்டும் கர்ட்டனும் முன்னாடியே வாங்கிடுங்க. அடுப்பு வாங்கறப்ப வீட்டுக்கு வர்றது சிட்டி கேஸா சிலிண்டர் கேஸான்னு கேட்டுட்டு வாங்குங்க, ரெண்டுக்கும் அடுப்பு வேற வேற, மாத்தி வாங்கினா பத்த வைக்கவே கூடாது. கரண்ட்டும் தண்ணியும் போன்லயோ ஆன்லைன்லயோ சொன்னா போதும், கேஸுக்கு மட்டும் ஆள் நேர்ல வந்து திறந்து விடணும், அந்த நேரம் நீங்க வீட்டுல இருக்கணும், அதை குடி போற தேதிக்கு முன்னாடியே புக் பண்ணுங்க.

ஊர்ல இருந்து மிக்ஸி கிரைண்டர் தூக்கிட்டு வரலாமான்னு உங்க வீட்டம்மா கட்டாயம் கேப்பாங்க. இங்க கரண்ட் 100 வோல்ட், நம்ம மிக்ஸி 230. அப்படியே சொருகினா சுத்தும், அரைக்காது, முனகும். 750 வாட்ஸ் மிக்ஸின்னா அதுக்கு மேல தாங்குற ஸ்டெப் அப் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், அது ஒரு அரிசி மூட்டை கனம் இருக்கும், விலையும் சும்மா இல்ல. நான் ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்சுதான் இட்லி மாவு அரைக்கிறேன், கிச்சன்ல பாதி இடம் அதுக்கே போச்சு, ஆனா மாவு இல்லாம வாரத்த ஓட்ட முடியாதுன்னா வேற வழி இல்ல. பிரஷர் குக்கரை தாராளமா எடுத்துட்டு வாங்க, கூடவே கேஸ்கட் ரெண்டு எக்ஸ்ட்ரா. பச்சைக் காய், பழம், இலை எதுவும் பெட்டில வைக்காதீங்க, சான்றிதழ் இல்லாம வந்தா ஏர்போர்ட்ல எடுத்துடுவாங்க, கறி சம்பந்தப்பட்டதும் அப்படித்தான். டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை ஒரு மாசத்துக்கு மேல கொண்டு வரணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

சாப்பாட்டுச் செலவு வீட்டுல சமைச்சா மூணு பேருக்கு 60லிருந்து 70 ஆயிரத்துக்குள்ள நிறுத்தலாம், எங்க வீட்டுக் கணக்கு அது. பழம் விலை கண்ணைக் கட்டும். முட்டைகோஸ், முளைகட்டிய பயறு, டோஃபு, முட்டை இதெல்லாம் பரவால்ல. வெண்டைக்காயை எண்ணி வலைப் பையில போட்டு வெச்சிருப்பாங்க, ஒரு பொரியலுக்கு மூணு பை வேணும். ஜப்பான் அரிசி 2025-ல 5 கிலோ 4,000 யென் தாண்டிச்சு, நமக்கு எப்படியும் அது குழையும், பொன்னியோ சோனா மசூரியோ இந்தியன் கடைலதான். பருப்பு, புளி, தேங்காய் துருவல் எல்லாம் அங்கயே கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்ல ராத்திரி எட்டு மணி வாக்குல ரெடிமேட் சாப்பாடு, மீன் மேல எல்லாம் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்ட ஒரு ஆள் வருவாரு, அவர் பின்னாடியே நாலு பேர் சாமான் பாக்குற மாதிரி நடிச்சுட்டு நிப்பாங்க, நீங்களும் கூச்சப்படாம நில்லுங்க.

பாப்பா விஷயத்துல மட்டும் இந்த ஊரைக் குறை சொல்ல மாட்டேன். வந்து வார்டு ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும் (வீடு புகுந்து 14 நாளுக்குள்ள கட்டாயம்), அன்னிக்கே குழந்தை உதவித்தொகைக்கும் எழுதிக் குடுத்துடுங்க. மூணு வயசுக்குள்ள மாசம் 15,000, அதுக்கு மேல 10,000, வருமான உச்சவரம்பை 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க. இதை 15 நாளுக்குள்ள குடுக்கணும், லேட்டா குடுத்தா விட்டுப்போன மாசத்துக்கு தர மாட்டாங்க, கெஞ்சியும் பிரயோஜனம் இல்ல. இது போக டோக்கியோல இருக்குற பிள்ளைங்களுக்கு மாசம் 5,000 தனியா டோக்கியோ அரசு குடுக்குது, அதுக்கு தனியா அப்ளை பண்ணணும். டாக்டர் செலவு பெரியவங்களுக்கு 30 சதவீதம் நாம கட்டணும், பிள்ளைங்களுக்கு 23 வார்டுலயும் வார்டு குடுக்கிற குழந்தை மருத்துவ அட்டை இருந்தா ஒண்ணும் கட்ட வேண்டாம். ட்ரெயின், பஸ்லயும் பாப்பாவுக்கு டிக்கெட் கிடையாது.

கிழக்கே_போகும்_ரயில்:

எல்லாரும் நிஷி கசாய் நிஷி கசாய்னு கூவுறதைப் பாத்தா சிரிப்பா இருக்கு. ஜப்பான் வந்தும் காலைல எழுந்தா நம்ம ஆளு மூஞ்சிதான் பாக்கணுமா? நிஷி கசாய் வழியா போற அதே டோசாய் மெட்ரோ லைன்ல ஆத்தைத் தாண்டி நாலு ஸ்டேஷன் போங்க, உராயாசு விட்டுடுங்க அது காஸ்ட்லி, மினாமி கியோதொகு, கியோதொகு, மியோதென் பக்கம் அதே வாடகைக்கு இன்னும் ஒரு ரூம் கிடைக்கும், கொஞ்சம் புது கட்டடமாவும் கிடைக்கும். ட்ரெயின்ல பத்து நிமிஷம்தான் கூட. பாஸ் காசு எப்படியும் கம்பெனி குடுக்கும். காலைல அந்த லைன்ல கூட்டம் பயங்கரமா இருக்கும்ங்கறது நிஜம், ஆனா நிஷி கசாய்ல ஏறினா மட்டும் உக்காந்துட்டா போறீங்க? அங்கதான் கதவே மூடாது.

நிஷிகசாய்_பழசு:

@கிழக்கே_போகும்_ரயில் ஆத்தைத் தாண்டினா அது சிபா மாநிலம் ஐயா. மேல அக்கா சொன்ன டோக்கியோ அரசு 5,000 அங்க கிடையாது, குழந்தை மருத்துவ அட்டையும் அந்தந்த ஊர் விதிப்படி. வாடகைல மிச்சம் புடிக்கிறதுல இதையும் கழிச்சுப் பாருங்க. அப்புறம் பாஷை தெரியாம முதல் வருஷம் வர்ற குடும்பம் இது, நோட்டீஸ் ஒண்ணு வந்தா படிச்சுக் காட்ட பக்கத்து வீட்டுல ஆள் வேணும். குப்பை ஒண்ணு போதும், எந்த நாள் எரியுற குப்பை, எந்த நாள் பிளாஸ்டிக், எந்த நாள் பாட்டில்னு ஒரு காலண்டரே குடுப்பாங்க, மாத்தி வெச்சா எடுக்காம ஸ்டிக்கர் ஒட்டி அங்கயே விட்டுட்டுப் போவாங்க. பழைய சோஃபா மாதிரி பெரிய சாமானைத் தூக்கிப் போடணும்னா புக் பண்ணி காசு கட்டி ஸ்டிக்கர் வாங்கணும். ரெண்டு வருஷம் கழிச்சு எங்க வேணா போகட்டும்.

கிழக்கே_போகும்_ரயில்:

5,000-க்கு பயந்துகிட்டு எலிவேட்டர் இல்லாத நாலாவது மாடில இருங்க, எனக்கென்ன. குழந்தை வண்டியைத் தூக்கிட்டு ஏறினா தெரியும்.

கணக்கு_வாத்தி:

ஊருக்கு அனுப்புற பணத்தைப் பத்தி யாரும் சொல்லலை, நான் சொல்றேன், ஏன்னா இதுல நிஜமாவே காசு மிச்சமாகும்.

அப்பா அம்மாவை டிபென்டென்ட்னு காட்டி வருமான வரி, ரெசிடென்ட் டாக்ஸ் ரெண்டுலயும் கழிவு வாங்கலாம். ஆனா 2023-ல இருந்து விதி இறுகிடுச்சு. வெளிநாட்டுல இருக்குற சொந்தம் 30லிருந்து 69 வயசுக்குள்ளன்னா, ஒரு ஆளுக்கு வருஷத்துல 3,80,000 யென்னாவது நீங்க அனுப்பினதா ஆதாரம் வேணும் (படிக்கப் போனவங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு இருக்கு). 70 தாண்டிட்டா இந்த தொகை வரம்பு இல்ல, அனுப்பின ஆதாரம் இருந்தா போதும். உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்த 30-69 கணக்குலதான் வருவாங்க. இதுல நம்ம ஆளுங்க கோட்டை விடுற இடம் எதுன்னா, எல்லாத்தையும் அப்பா அக்கவுண்டுக்கே அனுப்பிட்டு ரெண்டு பேரையும் காட்டப் பாப்பாங்க. செல்லாது. யார் பேருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கு மட்டும்தான். அம்மாவுக்கு தனி அக்கவுண்ட் இல்லன்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஓபன் பண்ணி வெச்சுட்டு வாங்க. ஊருக்குப் போறப்ப கைல குடுத்த காசு கணக்குல சேராது, ஃப்ரெண்டு மூலமா குடுத்ததும் சேராது. பர்த் சர்ட்டிஃபிகேட் மாதிரி உறவை நிரூபிக்கிற காகிதம், அதோட ஜப்பானிய மொழிபெயர்ப்பு, ரெண்டும் வேணும், நவம்பர் வாக்குல கம்பெனி ஒரு ஃபார்ம் குடுக்கும் அதோட வெச்சுக் குடுக்கணும். வருமான வரில அப்பா அம்மாவுக்கு ஆளுக்கு 3,80,000 வருமானத்துல கழியும்.

ரெண்டு பேருக்கும் சேத்து 7,60,000, அதாவது மாசம் 63 ஆயிரத்துக்கு மேல அனுப்பணும். வரி மிச்சத்துக்காக மட்டும் அவ்ளோ அனுப்புறது முட்டாள்தனம், எப்படியும் அனுப்பத்தான் போறீங்கன்னா பிரிச்சு அனுப்புங்க.

பென்ஷன் 9.15 சதவீதம் போச்சேன்னு வருத்தப்படாதீங்க. ஜப்பானை விட்டு ஒரேயடியா கிளம்பினா ரெண்டு வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணி ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம், இப்போதைக்கு 60 மாசம் வரைக்கும்தான் கணக்குல எடுப்பாங்க. அதுலயும் 20.42 சதவீதம் வரி புடிப்பாங்க, இங்க ஒருத்தரை வரிப் பிரதிநிதியா போட்டுட்டு கிளம்பினா அதையும் திரும்ப வாங்கலாம். ஒரு தடவை வாங்கிட்டா அந்த வருஷமெல்லாம் அழிஞ்சது, பின்னாடி பென்ஷனுக்கு சேராது.

ஈரோட்டு_மஞ்சள்:

அடேங்கப்பா, இவ்ளோ எதிர்பாக்கலைங்க, எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு அக்கவுண்ட் இல்ல, நாளைக்கே போறேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஃப்ரெண்டு ஒருத்தன் இந்தியா கம்பெனி மூலமா வந்தா ஜப்பான் பென்ஷனே கட்ட வேண்டாம்ங்கறான், அது உண்மைங்களா? இன்னொண்ணு, வீட்டம்மா பி.காம் படிச்சிருக்காங்க, வேலைக்குப் போகலாமா, போனா பாப்பாவை எங்க விடுறது?

கணக்கு_வாத்தி:

உண்மைதான், ஆனா உங்களுக்கு இல்ல. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரு சமூக பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1-ல இருந்து நடைமுறைல இருக்கு. இந்தியா கம்பெனி தன் ஆளை அஞ்சு வருஷத்துக்குள்ள டெபுடேஷன்ல அனுப்பினா அவர் அங்க பிஎஃப் கட்டிட்டு, அதுக்கான சான்றிதழைக் காட்டி இங்க பென்ஷன்ல இருந்து விலக்கு வாங்கலாம். உங்களுக்கு சம்பளம் குடுக்குறது ஜப்பான் கம்பெனி, கட்டித்தான் ஆகணும். கம்பெனியும் உங்களுக்கு சமமா ஒரு பங்கு கட்டுது.

ரெண்டுபுள்ள_அம்மா:

டிபென்டென்ட் விசால வந்தா தனியா ஒரு அனுமதி வாங்கிட்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம் தம்பி. பாப்பாவை விட ரெண்டு விதமான இடம் இருக்கு. ஒண்ணு அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்களுக்கான டே கேர், வார்டு ஆபீஸ்ல அப்ளை பண்ணணும், யாருக்கு அவசியம் அதிகம்னு மார்க் போட்டு சீட்டு குடுப்பாங்க, ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தின வருஷக் கடைசிலயே ஃபார்ம் குடுக்கணும். நடுவுல கிடைக்கிறது அதிர்ஷ்டம். மூணு வயசுல இருந்து அஞ்சு வரைக்கும் நாடு முழுக்க ஃபீஸ் இல்ல, அதுக்குக் கீழயும் டோக்கியோல 2025 செப்டம்பர்ல இருந்து முதல் குழந்தைக்கே இல்லன்னு ஆக்கிட்டாங்க. இன்னொண்ணு யோச்சியென், நம்ம ஊர் எல்கேஜி மாதிரி, மூணு வயசு முடிஞ்சு சேக்கலாம், அம்மா வீட்டுல இருந்தாலும் எடுத்துக்குவாங்க, மாசம் 25,700 வரைக்கும் அரசாங்கம் குடுக்கும், அதுக்கு மேல ஃபீஸ், பஸ், யூனிஃபார்ம் எல்லாம் நம்ம கைல. நீங்க அக்டோபர்ல வந்து இறங்கின உடனே ஏப்ரலுக்கு ஃபார்ம் குடுக்கிற நேரம் வந்துடும், வீட்டம்மாவுக்கு அந்த வேலை அனுமதியை முதல் வாரமே அப்ளை பண்ணச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. அப்பா பேர் நீளமா சேர்ந்திருந்தா பேங்க் ஃபார்ம் கட்டத்துல அடங்காது, அட்டைல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி, போன்ல ஒரு மாதிரின்னு ஆயிடும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கத்தகானா எழுத்துல (வெளிநாட்டுப் பேரை எழுதுற ஜப்பானிய எழுத்து) எழுத, வந்த முதல் நாளே யாரையாவது கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி பர்ஸ்ல வெச்சுக்குங்க.